சுட்ட தேங்காய்க் கோழி

சமையற்கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் நாலைந்து பேர் டிவி சமையல் போட்டிக்கு விண்ணப்பம் அனுப்பியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். தாராளமாக அனுப்புங்கள். நான் தடுக்க வரவில்லை. நானே நாற்பத்தாறு வயதில், வழுக்கையும் தொந்தியுமாக, அந்த வெளிச்சத்தில் போய் நின்றவன். நாலாவதாக வந்தேன். முதல் மூன்று பேரைக் கோப்பையோடு படம் எடுப்பார்கள். நாலாவது ஆளுக்கு ஒரு ஏப்ரனைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பேர் பொறித்த அந்த ஏப்ரன் இன்னும் வீட்டில் இருக்கிறது. ஸ்கூட்டர் துடைக்க வாகாக இருக்கிறது.

எனக்கு ஊர் ராஜபாளையத்தை ஒட்டிய செட்டியார்பட்டி. மதுரையில் கேட்டரிங் படித்தேன். ராஜபாளையத்தில் ஒரு லாட்ஜோடு சேர்ந்த சாப்பாட்டுக் கடையில் நாலு வருடம் இருந்தேன். பிறகு சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில் வெங்காயம் உரிக்கச் சேர்ந்து, இருபது வருடத்தில் அங்கே இரண்டாம் இடத்து செஃப் ஆனேன். போட்டிக்குத் தேர்வாகி லீவு கேட்டு நின்றபோது எங்கள் தலைமை செஃப் என்னை மேலும் கீழும் பார்த்தார். அதிகம் பேசாத மனிதர் அவர்.

"போயிட்டு வா. ஜெயிச்சாலும் தோத்தாலும் திரும்பி வந்தா இங்க இதே வெங்காயம்தான்" என்றார்.

அதை அப்போது நான் வாழ்த்தாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் சுற்றிலேயே பாடம் கிடைத்தது. மீன் வறுத்தேன். எண்ணெயிலிருந்து எடுத்த நேரத்தில் அதைக் கடித்திருந்தால் சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். ஆனால் நேரம் முடிந்து மணி அடித்த பிறகு விளக்குகளை இடம் மாற்றினார்கள். தட்டுகளைப் படம் எடுத்தார்கள். ஒவ்வொருவரிடமும் 'எப்படி உணர்கிறீர்கள்' என்று கேட்டார்கள். நடுவர்கள் என் மேசைக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. நடுவர் முள்கரண்டியால் மீனைத் தூக்கினார். அது தலை குனிந்தது.

"இது வறுவலா, அவியலா?" என்று கேட்டார்.

பக்கத்து மேசைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார். கப்பல்களில் சமைத்தவர் அவர். இடைவேளையில் என்னிடம் வந்து, "கப்பல்ல காத்தடிச்சா சாப்பாடு எப்போ போகும்னே தெரியாது சார். நாம முடிக்கிற நேரத்துக்குச் சமைக்கக்கூடாது. அவங்க வாயில வைக்கிற நேரத்துக்குச் சமைக்கணும்" என்றார். எனக்குப் போட்டியாக நிற்கும் ஆள் எனக்கு அதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அன்றைக்கு இன்னொருவர் மீனைக் கரியாக்கியிருந்ததால் நான் தப்பினேன். அடுத்த சுற்றிலிருந்து, ஆறினாலும் கெடாததைத்தான் சமைத்தேன். அதற்குப் பிறகு முகூர்த்தம் தள்ளிப்போன கல்யாணச் சமையல் எத்தனையோ பார்த்துவிட்டேன். கப்பல்காரர் சொன்னது ஒவ்வொரு முறையும் கைகொடுத்தது.

நிகழ்ச்சியை நடத்திய பொறுப்பாளர் ஓர் இளம்பெண். நல்ல சுறுசுறுப்பு. ஒவ்வொரு போட்டியாளருக்கும் ஒரு கதை வேண்டும் என்பது அவருடைய வேலை. ஒரு நாள் நோட்டும் பேனாவுமாக என் எதிரில் உட்கார்ந்தார்.

"உங்க வாழ்க்கையிலயே பெரிய சோகம் எது சார்?"

யோசித்துப் பார்த்தேன். "முடி கொட்டுனதுதான்."

அவர் சிரிக்கவில்லை. "ஊர்ல ரொம்ப கஷ்டப்பட்டிருப்பீங்களே?"

எங்கள் அப்பா மில்லில் கணக்கர். மூன்று வேளையும் சாப்பிட்டுத்தான் வளர்ந்தேன். அதைச் சொன்னதும் அவர் பேனாவை மூடிவிட்டார். "பரவாயில்ல சார். கிராமத்துப் பையன், சின்ன வயசுலேர்ந்து மனசுக்குள்ள ஒரு சமையல வச்சுக்கிட்டே வளந்தான், அப்படி வச்சுக்கலாம்" என்றார். நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலில் ஒன்றும் பெரிய தப்பு இருப்பதாக அப்போது படவில்லை.

பிறகு அந்தச் சுற்று வந்தது. கடைசி ஐந்து பேரைத் தேர்ந்தெடுக்கும் சுற்று. ஒவ்வொருவரும் தானே உருவாக்கிய ஒரு பதார்த்தத்தைச் சமைக்க வேண்டும் என்பது விதி.

எனக்குச் சொந்தமாக ஒரு பதார்த்தமும் இல்லை. ஓட்டல் சமையல்காரனுக்கு இது கொஞ்சம் வெட்கமான உண்மை. இருபது வருடம் அடுத்தவர் எழுதிய மெனுவைப் பிசகாமல் சமைத்துப் பேர் வாங்கியவன் நான். யோசிக்க ஒரு நாள் கொடுத்தார்கள். எங்கே சுற்றினாலும் மனசு ராஜபாளையத்து லாட்ஜ் அடுப்படியில்தான் போய் நின்றது. அங்கே கோமதியக்கா இருந்தார்.

என்னைவிட இரண்டு வயதுதான் கூட. கறி வேலை முழுக்க அவருடையது. அவர் எனக்குக் குருவெல்லாம் இல்லை. இருவரும் ஒரே அடுப்புக்கு அடித்துக்கொள்கிற ஆட்கள். தேங்காயை முழுசாகத் தணலில் சுட்டு, ஓடு வெடித்ததும் எடுத்து, புகை வாசம் ஏறிய அந்தத் தேங்காய்ப் பருப்பைப் புளிச்சகீரையோடு அரைத்து, நாட்டுக்கோழியில் ஊற்றி ஒரு குழம்பு வைப்பார். சுட்ட தேங்காய்க் கோழி என்று பெயர். அதற்காகவே மில் ஆட்கள் ஷிஃப்ட் முடிந்து வருவார்கள். நான் சென்னை வந்து பல வருடம் கழித்து லாட்ஜ் மூடியதும் அக்காவும் அவர் வீட்டுக்காரரும் ஸ்ரீவில்லிபுத்தூரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், சின்னதாக ஒரு மெஸ் தொடங்கினார்கள்.

அந்தக் குழம்பை நான் டிவியில் வைத்தேன். தேங்காயைச் சுடுவதற்கு முன் அதன் கண்ணைக் குத்தித் தண்ணீரில் பாதியை வடிக்க வேண்டும். படபடப்பில் மறந்துவிட்டேன். அடுப்பில் வைத்த கொஞ்ச நேரத்தில் தேங்காய் வெடித்தது. கேமராக்காரர் ஒருவர் மேசைக்கு அடியில் போய்விட்டார். கப்பல்காரர், "சார், புயலே பரவாயில்ல" என்றார். இருபது நிமிடம்தான் மிச்சம். இன்னொரு தேங்காயை எடுத்துக் கண்ணைக் குத்தினேன். எப்படியோ முடித்தேன்.

நடுவர் ஒரு வாய் எடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இன்னொரு வாய் எடுத்தார். அதன் பிறகுதான் கேட்டார். "இது யாரோட சமையல்?"

"என்னோடது சார்" என்றேன். "சின்ன வயசுலேர்ந்து மனசுல வச்சிருந்தது."

யோசித்துச் சொல்லவில்லை. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவும் இல்லை. பொறுப்பாளர் கட்டிக்கொடுத்திருந்த கதை வாயில் தயாராக இருந்தது, அது வந்துவிட்டது. கைதட்டினார்கள். நானும் சந்தோஷமாகக் கும்பிட்டேன். கடைசி ஐந்து பேரில் ஒருவன் ஆனேன்.

படம் பிடிப்பது ஒரு நாள், ஒளிபரப்புவது சில வாரம் கழித்து. அது ஒளிபரப்பானபோது எங்களுக்கு இன்னும் போட்டி முடியவில்லை. தேங்காய் வெடிக்கும் காட்சியை விளம்பரத்தில் விடாமல் போட்டார்கள். மறுநாள் காலை ஒரு போன் வந்தது.

"ஏலே சங்கரு, கோமதி பேசுதேன். டிவியில பாத்தேன். நல்லாத்தான் வச்சிருந்த. ஆனா கண்ணக் குத்தாம யாராச்சும் தேங்காய அடுப்புல போடுவாகளா? எம்புட்டு தடவ என்னையப் பாத்திருக்க?"

"பதட்டத்துல மறந்துட்டேன்க்கா."

"சரி, சரி. நல்லா வருவ. அடுப்புல கெடக்கு, வைக்கேன்."

அம்புட்டுதான். குழம்பு யாருடையது என்று ஒரு வார்த்தை இல்லை. அப்பாடா என்று இருந்தது எனக்கு. அக்கா தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக்கொண்டேன். நான் பண்ணிய தப்புகளில் பெரியது எது என்று கேட்டால், டிவியில் சொன்ன பொய்யைவிட அந்த 'அப்பாடா'வைத்தான் சொல்வேன்.

அடுத்து ஒரு சுற்று முடிந்து நாலு பேர் மிஞ்சினோம். ஐந்து நாள் இடைவெளி கிடைத்தது. ஊருக்குக் கிளம்பினேன். மதுரையிலிருந்து வரும் பஸ் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டித்தானே ராஜபாளையம் வரும். மத்தியானச் சாப்பாட்டு நேரம். பசியும் இருந்தது, அக்காவைப் பார்த்துக் கொஞ்சம் பெருமையடிக்கும் ஆசையும் இருந்தது. இறங்கிவிட்டேன்.

மெஸ்ஸில் நல்ல கூட்டம். சுவரில் பெயிண்டால் எழுதிய பதார்த்தப் பட்டியல். அதில் ஒரு வரி மட்டும் சுண்ணாம்பு அடித்து மறைக்கப்பட்டிருந்தது. இரண்டு பேர் என்னோடு செல்பி எடுத்துக்கொண்டார்கள். அக்கா இலை போட்டு, சோறு வைத்து, மட்டன் குழம்பை ஊற்றினார்.

"சுட்ட தேங்காய்க் கோழி இல்லையாக்கா?"

"அத நிறுத்திட்டேன்."

"ஏன்?"

"டிவியில வந்ததப் பாத்துட்டு நீங்களும் ஆரம்பிச்சிட்டீகளாக்கும்னு கேக்காக. ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல. ஒருத்தன் சாப்புட்டுட்டு, டிவியில வந்த மாதிரி இல்லையேங்கான். பதினோரு வருசமா இங்க நான்தாம்யா வச்சிட்டிருக்கேன்னு எத்தன பேர்ட்ட சொல்லுதது? எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்." சொல்லிக்கொண்டே ரசத்தைக் கலக்கினார். "நீ சாப்புடு. ஆறுதுல்ல."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். அவர் மழை வந்ததால் துணியை எடுத்து உள்ளே போட்டேன் என்பது போலச் சொன்னார். நான் தூக்கிக்கொண்டு போனது பெயரை மட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். அவருடைய அடுப்பிலிருந்து அந்தச் சட்டியையே இறக்கி வைத்துவிட்டேன் என்பது அந்த இலை முன்னால்தான் புரிந்தது.

மன்னிப்புக் கேட்டேனா என்று நினைப்பீர்கள். வாயைத் திறந்தேன். அதற்குள் அடுத்த பந்தி வந்துவிட்டது. அக்கா போய்விட்டார்.

கடைசிச் சுற்று நாள். ஒப்பனை போடும் அறையில் பொறுப்பாளரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கேமரா முன்னால் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றும் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. மேலே பேசிவிட்டு வந்தார்.

"சார், விதிப்படி அந்தச் சுற்றோட மார்க் உங்களுக்குப் போயிரும். அது போனா நீங்க நாலாவது. கடைசிச் சுற்று சமைக்கவே முடியாது. சொல்லாம விட்டா யாருக்கும் எதுவும் தெரியப் போறதில்ல. லைட் மாத்திட்டிருக்காங்க. மாத்தி முடிக்கிறதுக்குள்ள முடிவு பண்ணிச் சொல்லுங்க."

விளக்கு மாற்றப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தில் நான் பெரிய மகானாக ஆகிவிடவில்லை. உள்ளதைச் சொல்கிறேன்: ஜெயித்துவிட்டு அப்புறம் சொல்லலாமே என்றுதான் முதலில் தோன்றியது. ஜெயித்தவன் சொன்னால் நாலு பேர் கூடக் கேட்பார்கள் என்றுகூட மனசு நியாயம் பேசியது. கப்பல்காரர் எதிரில் உட்கார்ந்து கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முதல் நாள் தனக்குத் தெரிந்ததை எனக்குத் தூக்கிக் கொடுத்த ஆள். அடுத்தவர் குழம்பை வைத்து அவரை நான் ஜெயித்தால் அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். அசிங்கமாக இருந்தது. எழுந்து போனேன்.

விளக்குக்கு நடுவில் நின்று சொன்னேன். "அந்தக் கோழிக் குழம்பு என்னுடையது இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் மெஸ் நடத்தும் கோமதி என்பவருடையது." நடுவர் எழுந்து வந்து கை கொடுத்தார். கப்பல்காரர் தோளில் தட்டினார். கண் கலங்கிப்போய் வெளியே வந்தேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

சில வாரம் கழித்து அது ஒளிபரப்பானது. வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துப் பார்த்தேன். நான் பேசிய ஒரு வார்த்தையும் இல்லை. முழுக்க வெட்டிவிட்டார்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலைகுனிந்து நடந்து போகும் காட்சி வந்தது. மீன் சுற்றில் நடுவர் முகம் சுளித்ததை அதோடு ஒட்டி, 'உப்பு சற்றே கூடியதால் சங்கர் விடைபெறுகிறார்' என்று ஒரு கம்பீரமான குரல் சொன்னது. என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். "உப்புக்கா இவ்வளவு அழுதீங்க?" என்றாள்.

பதினைந்து நாள் லீவு போட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போய் இறங்கினேன். அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"நான் அங்க சொல்லிட்டேன்க்கா. உங்க குழம்புன்னு சொல்லிட்டேன். அவங்க அத போடல."

"அப்ப உப்புக் கூடிப்போச்சுன்னாகளே?"

"அது அவங்களா போட்டதுக்கா."

"நானும் நெனச்சேன். ஒனக்கு எப்பவும் உப்பு கம்மியாத்தான விழும்."

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மன்னிப்பை அப்போதுதான் கேட்டேன். அவர் கழுவுவதை நிறுத்தவில்லை. அந்தக் குழம்பை மறுபடி வையுங்கள், வருகிற ஒவ்வொருவரிடமும் நானே நின்று சொல்கிறேன் என்றேன்.

"ஒம் பாவத்தக் கழுவ எங்கடைதான் கெடச்சுதாக்கும்" என்றார். இன்னொரு தட்டைக் கழுவிக் கவிழ்த்தார். பொறவு, "சரி, சொல்லு. ஆனா சும்மா ஒக்காந்து சொல்லிட்டிருக்கக் கூடாது. பரிமாற ஆள் இல்ல" என்றார்.

பதினைந்து நாளும் இலை போட்டேன், தண்ணீர் வைத்தேன், வாளி தூக்கினேன். "நீங்க டிவியில உப்பக் கூடப் போட்டவருதான?" என்று தொடங்குவார்கள். ஆமாம் என்றுவிட்டு விஷயத்தைச் சொல்வேன். முதல் நாள் ஒவ்வொரு இலைக்கும் வார்த்தையைத் தேடினேன். நாலாவது நாள் சோறு வேண்டுமா என்று கேட்பது போல வந்துவிட்டது. வ. புதுப்பட்டியிலிருந்து தேங்காய் லோடு ஏற்றி வந்த ஒருவர் முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தேங்காய மட்டுந்தான் சுட்டீகன்னு நெனச்சேன்" என்றார். மெஸ்ஸே சிரித்தது. அக்கா அடுப்படியில் சிரித்தது எனக்குக் கேட்டது. அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் எனக்கு உடம்பு லேசானது.

சுவரில் அழித்த வரியை மறுபடி எழுத பெயிண்டர் வந்தார். 'டிவி புகழ்' என்று முன்னால் சேர்க்கட்டுமா என்று கேட்டார். "அதெல்லாம் வேண்டாம். கோழின்னு தெளிவா எழுது, போதும்" என்றார் அக்கா.

போட்டிக்குப் பிறகு யார் யார் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். ஜெயித்தவர் தன் படத்தைப் பெரிதாக மாட்டி ஓட்டல் திறந்தார். வந்தவர்கள் எல்லாம் அவரோடு படம் எடுத்தார்கள். அவருக்கு அடுப்புப் பக்கம் போக நேரம் இல்லாமல் போனது. அது அவருக்கே பிடிக்காமல், இப்போது படத்தைக் கழற்றிவிட்டு உள்ளே நின்று சமைக்கிறார், நன்றாக ஓடுகிறது. கப்பல்காரர் இரண்டாவதாக வந்தார். கொஞ்ச நாள் கடைத் திறப்பு விழாக்களுக்கு ரிப்பன் வெட்டப் போனார். அலுத்துப்போய்க் கப்பலுக்கே திரும்பிவிட்டார். நான் வெங்காயத்துக்குத் திரும்பினேன். டிவி யாரையும் சமையல்காரர் ஆக்குவதும் இல்லை, ஆகாமல் தடுப்பதும் இல்லை. கொஞ்ச நாளைக்கு வெளிச்சத்தைக் கூட்டி வைக்கும். அந்த வெளிச்சத்தில் நம்மிடம் இருப்பது தெரியும், அவ்வளவுதான்.

நான் திரும்பியதும் தலைமை செஃப், "அந்தக் கோழிய நம்ம மெனுவுல போட்டா என்ன?" என்று கேட்டார். அவரிடமும் கதையைச் சொன்னேன். இத்தனை பேரிடம் சொன்னவனுக்கு அவர் ஒருவர் கூடுதல் கஷ்டமா? அவர் முழுக்கக் கேட்டார். "அப்போ அவங்களையே வரச் சொல்லு" என்றார்.

தென் மாவட்டச் சமையல் விழா என்று பத்து நாள் ஏற்பாடு செய்தோம். அக்கா வந்தார். புடவைக்கு மேல் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டார். உயரமான தொப்பியைக் கொடுத்தபோது, "தலையில சட்டியக் கவுத்த மாதிரி இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நாற்பது பேர் வேலை செய்யும் அந்தக் கூடத்தில் இரண்டாம் நாளே அவர் குரல்தான் கேட்டது.

மூன்றாம் நாள், பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பெண் நோட்டோடு அவர் பக்கத்தில் போய் நின்றாள். கூட்டமான நேரம். ஆர்டர் குவிந்து கிடந்தது. நான் இந்தப் பக்கம் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, இது நீங்களே கண்டுபிடிச்ச சமையலா?"

ஏறக்குறைய என்னிடம் கேட்ட அதே கேள்வி. ஆமாம் என்று அவர் சொல்லியிருந்தால் அந்தக் கூடத்தில் ஒருவரும் மறுத்திருக்க மாட்டார்கள். நானும்தான். அதைச் சொல்லத்தானே பதினைந்து நாள் வாளி தூக்கினேன்.

அக்கா கிண்டுவதை நிறுத்தவில்லை. "தேங்காயச் சுடுதது என்னோடது. புளிச்சகீரை எங்க பக்கத்து வீட்டு மங்கம்மா சொன்னது. அவிய வீட்ல தெலுங்கு பேசுவாக, கோங்கூராம்பாக. கோழியில போட்டுப் பாருன்னு அவியதான் சொன்னாக. அந்த உப்ப எடு தாயி."

நாலு வருடம் ஒரே அடுப்படியில் நின்றிருக்கிறேன். மங்கம்மா என்ற பெயரை அன்றைக்குத்தான் கேட்டேன். நான் விசாரித்ததே இல்லை.

அந்தப் பெண் உப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு நோட்டில் எழுதினாள். எட்டிப் பார்த்தேன். அளவுகளுக்கு முன்னால், முதல் வரியில், இரண்டு பெயரையும் எழுதியிருந்தாள்.